முரசு கரைந்த கதை: மலையகத்தில் 40 ஆண்டுகள்

பல் வைத்தியம் படிக்கிற மாணவர் எந்த நாட்டில் இருந்தாலும் முரசு நோய் பற்றிய பாடத்தில் 'இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்' ஆய்வைக் கடந்துதான் போகவேணும். அதில் 8, 81, 11 என்று மூன்று இலக்கங்கள் வரும். அவை நம்ம மலையகத் தோட்டத் தொழிலாளர் 480 பேரின் வாயைச் சோதித்து எடுக்கப்பட்டவை.

கதை தொடங்குவது டென்மார்க்கில். நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ 1965இல் ஒரு சின்னப் பரிசோதனையை வெளியிட்டார். முரசு நல்லா இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லாருக்கும் முரசு வீங்கிச் சிவந்தது. திரும்பவும் துலக்கத் தொடங்க ஒரு கிழமை அளவில் சுகமானது. பல்லில் படியும் அழுக்குத்தான் காரணம் என்பது அதோடு உறுதியானது. ஆனால் 3 கிழமை போதாது. வருடக் கணக்கில் துலக்காமலும் வைத்தியமே இல்லாமலும் இருந்தால் என்ன நடக்கும்?

அதைப் பார்க்க அப்படி வாழ்ந்த மனிதர்கள் தேவைப்பட்டார்கள். 1969இல் ஒஸ்லோவில், பல் பராமரிப்பு ஒழுங்காகக் கிடைத்த மாணவர்களையும் கல்வியாளர்களையும் சோதித்தார்கள். 1970இல் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். தேர்ந்தெடுத்த ஆண்களுக்கு வயது 14 முதல் 31 வரை. அவர்களிடம் பல் துலக்கும் பழக்கமும் இல்லை, பல் வைத்தியரும் இல்லை.

15 வருடம் திரும்பத் திரும்பச் சோதித்து 1986இல் முடிவை வெளியிட்டார்கள். பல் சூத்தை அநேகமாக இல்லை. ஆனால் எல்லார் முரசிலும் அழற்சி இருந்தது. இருந்தும் எல்லாருக்கும் பல் விழவில்லை. சுமார் 8 வீதமானவர்களுக்கு நோய் வேகமாகப் பரவியது. 81 வீதமானவர்களுக்கு நடுத்தர வேகம். 11 வீதமானவர்களுக்கு முரசு அழற்சியைத் தாண்டி நோய் முன்னேறவேயில்லை. ஒரே தோட்டம், ஒரே அழுக்கு, ஆனால் மூன்று விதமான வாய்கள். அப்படியென்றால் அழுக்கோடு வேறு ஏதோவும் சேர்ந்து வேலை செய்கிறது.

அந்த 'வேறு ஏதோ'வில் ஒன்று புகைத்தல். இந்தச் சந்தேகம் புதிதில்லை. புகைப்பவர்களுக்கு முரசில் புண்ணோடு வரும் ஒருவகை அழற்சி கூடுதலாக இருப்பதை டென்மார்க்கின் பின்ட்போர்க் 1947லேயே எழுதியிருந்தார். ஆனாலும் அவர்கள் ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை, அதனால்தான் என்று கனகாலம் சமாதானம் சொல்லப்பட்டது. 1980களில் சுவீடனில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றைக் காட்டின: அழுக்கின் அளவு ஒன்றாக இருந்தாலும் புகைப்பவரின் முரசில் இரத்தம் வடிவது குறைவு.

கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். உண்மையில் ஏமாற்று அதுதான். இரத்தம் வடிவது முரசு தரும் முதல் எச்சரிக்கை. புகை அந்த எச்சரிக்கையை அமத்திவிடுகிறது. கிருமியோடு சண்டைபிடிக்கும் வெள்ளணுக்களின் வேலையையும் குழப்புகிறது. வெளியே முரசு அமைதியாகத் தெரியும், உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். பல் ஆடத் தொடங்கும்போதுதான் ஆள் வைத்தியரிடம் போவார்.

2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, புகைப்பவருக்கு முரசு நோய் வரும் வாய்ப்பு புகைக்காதவரைவிட ஏறத்தாழ 4 மடங்கு என்று கணக்கிட்டது. 2004இல் அமெரிக்க தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, புகைத்தல் இந்நோய்க்குக் காரணம் என்றே சொன்னது. 2010இல் ஆய்வாளர்கள் மீண்டும் மலையகம் வந்தபோது, முதல் 480 பேரில் 75 பேரைத்தான் சோதிக்க முடிந்தது. 2017இல் வந்த அந்த 40 வருடக் கணக்கில், நோய் தொடங்குவதோடு தொடர்புபட்டவையாக இரண்டு விசயங்கள் நின்றன: பல்லில் இறுகிய காரையும் புகைத்தலும்.

இந்த ஆய்வுக்கு வைத்த பெயர் முரசு நோயின் 'இயற்கை வரலாறு'. இதில் இயற்கை எவ்வளவு? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றதாக்கிய சமூகம் இது. 1970இல் ஒரு தோட்டத்து வாலிபனுக்குப் பல் வைத்தியர் இல்லாமல் போனதற்கு இயற்கை காரணமில்லை. அந்த இல்லாமையே ஆய்வின் மூலப்பொருள் ஆனது. அதிலிருந்து கிடைத்த அறிவு உலகம் முழுக்கக் கனபேரின் பல்லைக் காப்பாற்றியிருக்கும். அதைக் கொடுத்தவர்களோ பெயரில்லாமல் வெறும் வீதங்களாகப் பாடப்புத்தகத்தில் நிற்கிறார்கள்.

அந்த அறிவு அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வந்து சேரவேணும். கடையில் ஒற்றைச் சிகரெட் வாங்கிப் பற்றவைக்கிற தம்பிக்குச் சொல்ல வேண்டியதும் இதுதான்: முரசில் இரத்தம் வரவில்லை என்பதை நம்பி இருக்காதே, வருடத்தில் ஒருக்காவாவது வாயைக் காட்டு. புகைப்பதை நிறுத்தினால் முரசு நோயின் ஆபத்து வருடங்கள் போகப் போகக் குறையும். ஆனால் கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வராது.