கொதிநீரும் இரும்புச் சட்டியும்: பாரி நகரிலிருந்து பினாங்கு வரை

இத்தாலியின் தென்கிழக்கில், ஏட்ரியாட்டிக் கடலோரத்தில், பாரி என்னும் பழைய துறைமுக நகரம் உள்ளது. அந்நகருக்கே உரிய உணவொன்றின் பெயர் ‘ஸ்பகெட்டி அல்லசசினா’. ‘கொலைகாரி’ என்னும் பொருள்படும் இப்பெயர் அதன் கடுங்காரத்தால் அமைந்தது என்பர். 1960களின் பிற்பகுதியில், ‘அல் சோர்சோ பிரெஃபெரித்தோ’ என்னும் உணவகத்தில் இது தோன்றியதாக அந்நகரத்தார் கூறுவர். இதன் பெயரினும் இதனைச் சமைக்கும் முறையே நம் கவனத்திற்கு உரியது.

பாஸ்தா எனப்படும் கோதுமை மாவிழையை உப்பிட்ட கொதிநீரில் வேகவைத்து வடித்து, பின்னரே குழம்புடன் சேர்க்கவேண்டும் என்பது இத்தாலியச் சமையலின் பொதுவிதி. பாரி நகரத்தார் இவ்விதியைக் கைக்கொள்வதில்லை. இரும்புச் சட்டியில் எண்ணெயும் பூண்டும் மிளகாயும் காய்ந்ததும் தக்காளிச் சாற்றை ஊற்றி, வேகாத மாவிழையை நேரே அதில் இடுகின்றனர். நீர்த்த தக்காளிச் சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டு வற்றவைக்கின்றனர். அடியில் ஒட்டி, கருகி, மொறுமொறுப்பாகும்வரை புரட்டுகின்றனர். சட்டியில் பிடித்த கருகலே அவ்வுணவின் சுவை.

இம்முறை இத்தாலியர்க்கு விதிவிலக்காக இருக்கலாம். தமிழர்க்கு அது புதிதன்று. நம் சமையலில் வடித்தல், வற்றவைத்தல் என்னும் இருமுறைகளும் தொன்றுதொட்டு இணைந்தே வழங்குகின்றன. சோற்றை வடிக்கிறோம், பொங்கலை அளவுநீரில் குழைய வேகவைக்கிறோம். சேமியா உப்புமாவுக்கு வேகாத சேமியாவை முதலில் வறுத்து, தாளிதத்தில் அளவாக நீர் ஊற்றி, அந்நீர் முழுவதையும் சேமியாவே உறிஞ்சுமாறு செய்கிறோம். பாரி நகரத்துச் சமையற்காரரும் நம் வீட்டுத் தாய்மாரும் ஒரே கோட்பாட்டையே கையாளுகின்றனர்: நீரை வடித்துக் கொட்டினால் மாவின் பசையும் சுவையும் உடன் போய்விடும், வற்றவைத்தால் இரண்டும் உணவிலேயே தங்கும்.

மாவிழையின் வரலாறு நீண்டது. சீனாவின் லாஜியா என்னுமிடத்தில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் பழமையான மாவிழை ஒரு மண்கலத்தில் கிடைத்ததாக 2005இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். மத்தியதரைக் கடற்பகுதியில், சிசிலித் தீவின் திராபியா என்னும் ஊரில் உலர்ந்த மாவிழை செய்யப்பட்டுக் கப்பல்களில் ஏற்றுமதியானதை அரபுப் புவியியலாளர் அல்-இத்ரீசி 1154இல் நிறைவுற்ற தம் நூலில் பதிவு செய்துள்ளார். மார்க்கோ போலோ சீனாவிலிருந்து வெனிஸ் திரும்பியது 1295ஆம் ஆண்டில். எனவே அவரே மாவிழையை இத்தாலிக்குக் கொணர்ந்தார் என்னும் கதை இவ்வொரு சான்றின் முன்னரே நில்லாது போகிறது. தக்காளியும் மிளகாயுமோ அமெரிக்கக் கண்டத்தின் கொடைகள். கொலம்பசின் 1492ஆம் ஆண்டுப் பயணத்திற்குப் பின்னரே பிற கண்டங்களை அடைந்தவை. ஆகவே ‘தொன்மையான இத்தாலிய உணவு’ என்று நாம் எண்ணுவதும் பல கடல்களின் கூட்டு விளைவே.

இனி நம் பினாங்குக்கு வருவோம். 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலேயக் குடியிருப்பை நிறுவியபின் சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகரும் தொழிலாளரும் பெருமளவில் இங்குக் குடியேறினர். சூலியா தெருவின் பெயரும் 1801இல் தோன்றிய காப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அதற்குச் சான்றுகள். பின்னாளில் கடையநல்லூர், தென்காசி முதலிய ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. அதே ஜோர்ஜ்டவுனில் ஹொக்கியன் சீனரும் குடியேறி, காரநீர் சேர்த்துப் பிசைந்த மஞ்சள் நிறக் கோதுமை மாவிழையைத் தம் உணவாகக் கொண்டிருந்தனர். இவ்விரு சமூகங்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த சூழலில் உருவானதே ‘மீ கோரேங் மாமாக்’.

அங்காடிக் கடையில் இவ்வுணவு உருவாகும் முறையை உற்று நோக்குவோம். ‘குவாலி’ என்னும் இரும்பு வாணலியில் எண்ணெய் காய்ந்ததும், ஊறவைத்து அரைத்து வதக்கிய மிளகாய் விழுது இடப்படுகிறது. மஞ்சள் மீ, வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டுகள், தாவ்ஹு, முளைப்பயறு, மாவில் தோய்த்துப் பொரித்த வடைத்துண்டுகள், சில கடைகளில் காரமாகச் சமைத்த கணவாய் ஆகியன சேர்கின்றன. பின்னர்த் தக்காளிச் சாறும் குழம்பும் அகப்பையால் தெளிக்கப்படுகின்றன. உயர்ந்த தீயில் அச்சாறு வற்றி, மீயின் ஓரங்கள் சற்றே கருகும்வரை சட்டுவம் ஓய்வதில்லை. முட்டை சேர்த்துக் கிளறி, மேலே சிறு எலுமிச்சையை வைத்துக் கொடுப்பர். பாரியில் இடுவது வேகாத உலர் இழை. இங்கு இடுவதோ முன்பே வெந்த ஈர இழை. இவ்வேறுபாடு சிறிதன்று. எனினும் தக்காளி, மிளகாய், இரும்பு, வற்றும் சாறு, கருகல் என்னும் ஐந்தும் ஒன்றே. ஒருவரையொருவர் அறியாத இரு துறைமுகங்கள் ஒரே விடையை அடைந்துள்ளன.

இவ்வுணவைத் தமிழ்நாட்டிலிருந்து வந்தது எனல் இயலாது. அங்கு மஞ்சள் மீ இருந்ததில்லை. சீனருடையது எனலும் இயலாது. ஹொக்கியன் சமையலில் இன்றியமையாத பன்றிக்கொழுப்பு இதில் இல்லை. சமய நெறி அக்கொழுப்பை விலக்கியது. அவ்விடத்தைத் தாவர எண்ணெயும் மிளகாய் விழுதும் நிரப்பின. விலக்கு என்பது இங்குக் குறையாகாமல் புதிய சுவைக்கு வாயிலாயிற்று.

பெயரும் இதனையே உரைக்கிறது. ‘மீ’ என்பது கோதுமை மாவிழையைக் குறிக்கும் ஹொக்கியன் சொல். ‘கோரேங்’ பொரித்தலைக் குறிக்கும் மலாய்ச் சொல். ‘மாமாக்’ நம் ‘மாமா’ என்னும் உறவுச்சொல்லின் திரிபு. மூன்று சொற்கள், மூன்று மொழிகள், ஒரு தட்டு உணவு. உறவுமுறை அழைப்பாகப் பிறந்த ‘மாமாக்’ சிலவேளை இகழ்ச்சிக் குறிப்பாகவும் வழங்கப்பட்டமையை வரலாறு மறைத்தல் ஆகாது. புதிய பொருளைத் தமிழ் ஏற்கும் இருவழிகளையும் இவ்வுணவில் காணலாம். கடல்கடந்து வந்த காரக்காயை மிளகோடு ஒப்பிட்டு ‘மிளகாய்’ என்றனர். அயற்காயொன்றுக்குப் பழைய ‘தக்காளி’ப் பெயரை நீட்டி வழங்கினர். ‘மீ’யையோ மலேசியத் தமிழர் ஒலியோடு அப்படியே ஏற்றனர். ஆகையால்தான் தமிழகத்தார் ‘நூடுல்ஸ்’ என்பதை நாம் ‘மீ’ என்கிறோம்.

டத்தோ கிராமாட் வட்டாரம் இவ்வரலாற்றை நேரில் கற்கத்தக்க இடம். 1907இல் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் நிறுவனமாக உருப்பெற்ற ஈய உருக்காலை நெடுங்காலம் இச்சாலையில் இயங்கியது. இன்று அவ்விடத்தில் வணிக வளாகம் எழுந்துள்ளது. ஆலைகள் மறைந்தன. அருகே பாடாங் பிரவுன் திடலை ஒட்டிய அங்காடிக் கடைகளில் குவாலியின் ஓசை இன்றும் கேட்கிறது. உழைப்பாளிக்குக் குறைந்த விலையில் விரைந்து சூடாகக் கிடைக்கும் ஒரு தட்டு உணவு, கட்டடங்களினும் நீண்ட ஆயுள் பெற்றுள்ளது.

எனினும் அவ்வாயுள் உறுதியானதன்று. பாரி நகரத்தார் தம் உணவின் முறை திரியாது காக்க 2013இல் ‘அசசினா கழகம்’ ஒன்றை அமைத்தனர். பினாங்கு மாநில அரசு, அங்காடி உணவின் மரபு கெடாதிருக்க, அக்கடைகளில் வெளிநாட்டவர் சமைப்பதற்கு 2016இல் தடைவிதித்தது. 2024இல் மலேசியாவின் காலையுணவுப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. ரொட்டி சானாயும் தே தாரேக்கும் அதன்வழி உலகறிந்தன. சட்டமும் பட்டியலும் ஒருபுறம் துணைநிற்கலாம். ஆனால், சாறு எப்போது போதும், தீ எப்போது தணியவேண்டும் என்னும் அறிவு ஏட்டில் இல்லை, கையில் உள்ளது. அக்கைகளுக்கு உரியோர் முதுமை எய்துகின்றனர். அவர்தம் மக்களோ வேறு தொழில்களை நாடுகின்றனர். தூய மரபு எது என்று வழக்காடுவதினும், கலந்து உருவான மரபை உருவாக்கியோர் யாவர் என்று எழுதிவைப்பதே இன்றைய தேவை.

இப்பணி பள்ளியில் தொடங்கக் கூடியது. தம் வட்டாரத்து மாமாக் கடைக்காரரிடம் மாணவர் சென்று, எவ்வூரிலிருந்து அவர் முன்னோர் வந்தனர், மிளகாய் விழுதை எவ்வாறு பக்குவப்படுத்துகின்றனர், எக்கருவிக்கு எப்பெயர் வழங்குகின்றனர் என்று கேட்டுத் தமிழில் எழுதுவாராயின், அஃது ஒரு கட்டுரைப் பயிற்சியாகவும் ஒரு சொற்றொகுதியாகவும் ஒரு வரலாற்று ஆவணமாகவும் அமையும். ‘மாமா’ என்னும் சொல் மலாயில் ‘மாமாக்’ ஆனது நமக்குத் தெரியும். அச்சொல்லுக்கு உரியவர் என்ன செய்தார் என்பதையும் தமிழ் தன் ஏட்டில் பதிந்துகொள்ளவேண்டும்.