பெருமூளைச் சிரை இரத்த உறைவு

பெருமூளைச் சிரை இரத்த உறைவு என்பது மூளையிலிருந்து இரத்தத்தை வெளியேற்றும் சிரைகளில் இரத்தம் உறைந்து அடைப்பதால் ஏற்படும் அரிய வகைப் பக்கவாதம் ஆகும். பக்கவாதங்களில் ஏறத்தாழ 0.5 முதல் 1 விழுக்காடு இவ்வகையைச் சேர்ந்தவை. 50 வயதுக்கு உட்பட்டோரை, குறிப்பாகப் பெண்களை, இந்நோய் மிகுதியாகத் தாக்குகிறது.

நோய் உருவாகும் விதம்

தமனி அடைபட்டால் மூளைக்கு இரத்தம் வருவது தடைப்படுகிறது. சிரை அடைபட்டாலோ, வந்த இரத்தம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. இதனால் மண்டையோட்டினுள் அழுத்தம் கூடி மூளை வீங்குகிறது. சில வேளைகளில் இரத்தக் கசிவும் ஏற்படும்.

அறிகுறிகள்

தலைவலியே பெரும்பாலும் முதல் அறிகுறி. வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, கைகால் செயலிழப்பு ஆகியவையும் தோன்றலாம். மூளையின் ஆழ்சிரைகள் அடைபட்டால் இருபுறத் தலாமசும் பாதிக்கப்படுகிறது. அப்போது கைகால் முடக்கம் இன்றியே திடீர் மனக்குழப்பம், பிதற்றல், மிகை உறக்கம் ஆகியவை உண்டாகலாம். பிள்ளை பெற்ற பெண்ணிடம் இவை காணப்பட்டால் மனநோய் என்றோ, பேய் பிடித்தது என்றோ தவறாகக் கருதப்பட்டுச் சிகிச்சை தாமதமாகக் கூடும்.

காரணங்கள்

கருவுற்ற காலத்திலும், மகப்பேற்றுக்குப் பின் வரும் வாரங்களிலும் இரத்தம் எளிதில் உறையும் தன்மை பெறுகிறது. நீரிழப்பு, இரத்தசோகை, கருத்தடை மாத்திரைகள், காது மற்றும் முகத் தொற்றுகள், மரபுவழிக் குறைபாடுகள் ஆகியவையும் காரணங்களாகும்.

இந்தியாவில்

மகப்பேற்றை ஒட்டி வரும் இந்நோய் இந்தியாவில் மேலைநாடுகளை விட மிகுதி. பெங்களூர் நிம்கான்சு நிறுவனத்தில் நரம்பியலாளர் டி. நாகராஜாவும் பிறரும் இதனை விரிவாக ஆய்ந்துள்ளனர். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் பழைய வழக்கம் நீரிழப்பை உண்டாக்கி இடரைக் கூட்டுகிறது.

கண்டறிதலும் சிகிச்சையும்

சாதாரண சி.டி. படத்தில் இந்நோய் தெரியாமலும் போகலாம். எம்.ஆர்.ஐ. படத்துடன் சிரைகளையும் படமெடுத்தல் சிறந்தது. காரைக்குடி வட்டாரத்தில் இவ்வறிகுறிகள் தோன்றினால் 108 ஊர்தியை அழைத்து, நரம்பியல் வசதியுள்ள மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனை அத்தகையது.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் எப்பாரின் முதன்மை மருந்தாகும். மூளையில் கசிவு இருப்பினும் இது பயன் தரும் என்பதை 1991இல் செருமனியில் 20 நோயாளரிடம் நடந்த ஆய்வு காட்டியது. 2004இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 624 நோயாளருள் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் முழுமையாகவோ சிறு குறைகளுடனோ நலம் பெற்றனர். ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் இறந்தனர்.