ஆய்வுக்கும் அறுவைக்கும் இடையே

மார்பகத்தில் தட்டுப்படும் கட்டி புற்றுநோய்தானா என்று பார்ப்பதும், ஆம் என்றால் மார்பகத்தையே எடுத்துவிடுவதும் ஒரே மயக்கத்தில் நடந்து முடிவது 1970கள் வரை அமெரிக்க மருத்துவமனைகளின் வழக்கம். பெண் முன்னதாகவே ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவார். மயக்கம் கொடுத்தபின் கட்டியிலிருந்து சிறு துண்டை வெட்டி, உறையவைத்து, மெல்லிய சீவலாக்கி, நோயியல் நிபுணர் நுண்ணோக்கியில் பார்ப்பார். சில நிமிடங்களில் விடை வரும். நோய் இல்லையென்றால் தையல் போட்டு அனுப்புவார்கள்; இருந்தால் மேசையை விட்டு இறக்காமலே மார்பகம் அகற்றப்படும். கண் விழிக்கும் பெண், நெஞ்சில் சுற்றிய கட்டின் பருமனைத் தடவிப் பார்த்தோ, சுவர்க் கடிகாரத்தில் எத்தனை மணி நேரம் போயிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தோ செய்தியைத் தெரிந்துகொள்வார். 'ஒரே படி' முறை என்று இதற்குப் பெயர். தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய்க்கு என்ன சிகிச்சை என்பதை யார் முடிவு செய்வது என்ற வழக்கின் வரலாறு, பெரும்பாலும் இந்த ஒரு படி இரண்டாகப் பிரிந்த வரலாறுதான்.

மயக்க மருந்து வருவதற்கு முன்பு அறுவைக்கு இணங்குவதே பெரிய முடிவாக இருந்தது. ஆங்கில நாவலாசிரியர் ஃபேனி பர்னிக்கு 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில், அவர் குடியிருந்த வீட்டிலேயே வலது மார்பகம் அகற்றப்பட்டது. அறுத்தவர் நெப்போலியனின் படை மருத்துவர் டொமினிக் ழான் லாரே. நாளை முன்கூட்டிச் சொல்லவில்லை. சில மணி நேர அவகாசம்தான் கிடைத்தது. கணவர் அருகில் இருந்து தவிக்க வேண்டாம் என்று பர்னியே ஏற்பாடு செய்து அவரை வெளியே அனுப்பிவைத்தார். கறுப்பு உடையில் ஏழு ஆண்கள் அறைக்குள் வந்ததையும், முகத்தின் மேல் போட்ட மெல்லிய கைக்குட்டையின் ஊடே எஃகு மின்னியதையும் மறு ஆண்டு தமக்கைக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். அந்தக் கடிதத்தை எழுதி முடிக்கவே அவருக்கு மாதக்கணக்காயிற்று. அறுவைக்குப் பின் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவ்வளவு காலம் வாழ்ந்ததாலேயே, அந்தக் கட்டி புற்றுநோய்தானா என்ற ஐயம் மருத்துவ வரலாற்று ஆசிரியர்களிடம் இன்னும் தீரவில்லை.

1846இல் பாஸ்டனில் ஈதர் மயக்கம் அரங்கேறியது. 1867இல் ஜோசஃப் லிஸ்டர் கிருமிநீக்க முறையை வெளியிட்டார். இவ்விரண்டும் கைக்கு வந்தபின் அறுவை மருத்துவர்கள் பதற்றமின்றி, நிதானமாக, ஆழமாக அறுக்க முடிந்தது. அந்த வாய்ப்பை எல்லை வரை கொண்டுபோனவர் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட். 1894இல் 50 பெண்களுக்குச் செய்த அறுவையின் முடிவுகளை அவர் வெளியிட்டார். மார்பகம், அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகள், அக்குளின் நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் ஒரே பிண்டமாக வெட்டியெடுப்பது அவர் முறை. அதற்கு வைத்த 'ராடிகல்' என்ற பெயர், வேர் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வேரோடு பிடுங்கினால் நோய் திரும்பாது என்ற நம்பிக்கை அந்தப் பெயரிலேயே இருந்தது.

இந்த முறைக்குப் பின்னால் ஒரு கோட்பாடு நின்றது. புற்றுநோய் முதலில் மார்பகத்தில் தோன்றி, அடுத்து அக்குள் கணுக்களை அடைந்து, அங்கிருந்துதான் தொலைவுக்குப் போகிறது. படிப்படியாகப் பரவும் நோயை, அது எட்டிய இடத்துக்கு ஒரு முழம் அப்பால் நின்று வெட்டினால் பிடித்துவிடலாம். ஹால்ஸ்டெட்டின் கணக்கும் இதற்கு இசைந்தது போலத்தான் தெரிந்தது. அக்கால ஐரோப்பிய அறுவைகளில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அறுத்த இடத்திலேயே நோய் திரும்பியது. அவர் கையில் மிகச் சிலருக்கே திரும்பியது. ஆனால் அறுத்த இடத்தில் நோய் திரும்பாமல் இருப்பதும் அந்தப் பெண் நெடுநாள் வாழ்வதும் ஒன்றல்ல. அவரிடம் வந்த பலருக்கு நோய் ஏற்கெனவே உடலின் வேறு இடங்களுக்குப் போயிருந்தது; எத்தனை அகலமாக வெட்டினாலும் அதை எட்ட முடியாது. இந்த வேறுபாட்டை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள முக்கால் நூற்றாண்டு எடுத்தது.

அதுவரை விலை கொடுத்தவர்கள் பெண்கள். தசை போனதால் தோல் விலா எலும்போடு ஒட்டி நெஞ்சு குழிந்தது. தோள் முன்போல் சுழலவில்லை. நிணநீர் வடிய வழியில்லாமல் கை வீங்கிக் கனத்தது. பலருக்கு அந்த வீக்கம் ஆயுள் முழுதும் நீடித்தது. ஹால்ஸ்டெட் காலத்தில் பெண்கள் முற்றிய கட்டியோடு வந்தார்கள் என்றாவது சொல்லலாம். பிற்காலத்தில் கோலிக்குண்டு அளவுக் கட்டிகளுக்கும் அதே அறுவை நடந்தது. ஹாப்கின்ஸில் பயின்றவர்கள் நாடெங்கும் பேராசிரியர்களானார்கள்; ஆசான் செய்ததைச் சீடனும், சீடனின் சீடனும் செய்தார்கள். 1913இல் தொடங்கிய அமெரிக்கப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுச் சங்கமோ தாமதிக்காதே என்ற ஒன்றையே பெண்களின் காதில் ஓதியது. கட்டியைக் கண்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்பது நல்ல அறிவுரை. ஆனால் நோய் உறுதியான பிறகும் ஒரு நாள்கூட யோசிக்கக் கூடாது என்று அது நீண்டபோது, 'ஒரே படி' முறைக்கு அதுவே நியாயமாகிவிட்டது.

எதிர்க்குரல்கள் இல்லாமல் இல்லை. லண்டனில் பொருளியல் மேதை கெயின்ஸின் தம்பி ஜெஃப்ரி கெயின்ஸ் 1924 முதல் ரேடியம் ஊசிகளை மார்பகத்தில் செருகி, பெரிய அறுவையைத் தவிர்த்தார். 1937இல் அவர் வெளியிட்ட முடிவுகள் ஹால்ஸ்டெட் முறைக்குக் குறைந்தவையல்ல. டேவிட் பேட்டி 1948இல் பெரிய நெஞ்சுத் தசையை விட்டுவைக்கும் திருத்திய அறுவையை எழுதினார். எடின்பரோவில் ராபர்ட் மெக்விர்ட்டர் மார்பகத்தை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார். டொரான்டோவில் வெரா பீட்டர்ஸ் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்ற பெண்களின் கணக்கை 1967இல் முன்வைத்தார். அமெரிக்காவில் கிளீவ்லாண்டின் ஜார்ஜ் கிரைல் 1955இலேயே ராடிகல் அறுவையைக் கைவிட்டுப் பொதுமக்கள் பத்திரிகையில் எழுதியதால் சக மருத்துவர்களின் கோபத்துக்கு ஆளானார். இவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது: உங்களிடம் வந்தவர்களுக்கு நோய் குறைவாக இருந்திருக்கும். அந்தப் பதில் முழுப் பொய்யும் அல்ல. ஒருவர் தம் நோயாளிகளை இன்னொருவரின் நோயாளிகளோடு ஒப்பிடுகிற வரை இந்த வாதத்துக்கு முடிவு கிடையாது.

சிகிச்சையைத் தேர்வு செய்ய வழியில்லாத காலத்தில் பெண்களுக்கு மிஞ்சியது தாங்கிக்கொள்வது மட்டும். அதையும் அநேகமாகத் தனியாகவே செய்தார்கள். மார்பகப் புற்றுநோய் என்று அச்சில் போடவே நாளிதழ்கள் தயங்கிய காலம் அது. நியூயார்க்கில் அறுவை செய்துகொண்ட டெரீஸ் லாசர் 1952இல் 'ரீச் டு ரிக்கவரி' என்ற அமைப்பைத் தொடங்கினார். அறுவையைக் கடந்து வந்த பெண் ஒருவர், நன்றாக உடுத்திக்கொண்டு, புதிதாக அறுவையான பெண்ணின் படுக்கையருகே போய் உட்காருவார். கையை உயர்த்திப் பழக ஒரு கயிறும் ரப்பர் பந்தும், உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள ஒரு தற்காலிகப் பொய் மார்பகமும் கொண்டுவருவார். சிகிச்சையைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. அது மருத்துவரின் எல்லை. பார்பி பொம்மையை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லர் 1970இல் தமக்கு அறுவையானபின், கடைகளில் கிடைத்த பொய் மார்பகங்களில் மனம் ஒப்பாமல் தாமே செய்து விற்கத் தொடங்கினார். இழப்பை வெளியில் தெரியாமல் மறைப்பதே தேறுதல் என்ற எண்ணம் இம்முயற்சிகளில் ஊறியிருந்தது. 1978இல் அறுவையான கவிஞர் ஆட்ரி லார்ட், பொய் மார்பகம் வேண்டாம் என்று மறுத்து, அந்த மறைப்பையே கேள்வி கேட்டு 1980இல் ஒரு நூல் எழுதினார்.

முதலில் மறுத்தவர்கள் எழுதத் தெரிந்த பெண்கள் என்பது தற்செயல் அல்ல. பத்திரிகையாசிரியர் பாபெட் ராஸ்மண்ட் 1971இல் 'ஒரே படி'க்கு ஒப்பாமல் கிரைலைத் தேடிப் போய்க் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு புனைபெயரில் அதை நூலாக்கினார். குழந்தை நட்சத்திரமாக உலகம் அறிந்த ஷெர்லி டெம்பிள் 1972இல் கட்டியின் ஆய்வை முதலில் முடித்து, முடிவு தெரிந்தபின் எந்த அறுவை என்று தாமே தேர்ந்ததைப் பெண்கள் பத்திரிகையில் எழுதினார். 1974 செப்டம்பர் 28 அன்று குடியரசுத் தலைவரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்குப் பழைய முறையிலேயே, ஒரே மயக்கத்தில், ராடிகல் அறுவை நடந்தது. அவர் அதை ஒளிக்காமல் சொன்னதால் பரிசோதனைக்கு வந்த பெண்களின் கூட்டம் திடீரென்று பெருகியது. அவ்வாண்டு கண்டறியப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை வரைபடத்தில் ஒரு மேடாகத் தெரிகிறது. அதே ஆண்டு கோடையில் தம் மார்பகத்தில் கட்டியைக் கண்ட பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர், ஆய்வை மட்டும் தனியாகச் செய்யச் சம்மதிக்கும் மருத்துவருக்காக அலைந்தவர். அவர் வெள்ளை மாளிகைக்குத் தொலைபேசியில் அழைத்து 'ஒரே படி' வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார். குடியரசுத் தலைவர் முடிவெடுத்துவிட்டார் என்று பதில் வந்ததாம். நோய் மனைவிக்கு, முடிவு கணவருக்கு.

பெண்களின் வாதத்துக்கு எண்களின் பலம் பிட்ஸ்பர்கிலிருந்தும் மிலானிலிருந்தும் வந்தது. பிட்ஸ்பர்கின் அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் ஹால்ஸ்டெட்டின் கோட்பாட்டையே சந்தேகித்தார். நோய் தொடக்கத்திலேயே இரத்தத்தின் வழியே பரவக்கூடியது, ஆகவே அறுவையின் அகலம் ஆயுளை நிர்ணயிக்காது என்பது அவர் கருத்து. இதைச் சோதிக்க, எந்தப் பெண்ணுக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கலுக்கு விட வேண்டியிருந்தது. 1971இல் தொடங்கிய முதல் ஆய்வில் 1,665 பெண்கள் சேர்ந்தார்கள். ராடிகல் அறுவைக்கும் மார்பகத்தை மட்டும் எடுப்பதற்கும் இடையே, 25 ஆண்டுகள் கழித்துப் பார்த்தும், உயிர்பிழைப்பில் வேறுபாடு இல்லை. 1976இல் தொடங்கிய அடுத்த ஆய்வு, 4 செ.மீ. வரையிலான கட்டிகளில் மார்பகத்தையே காப்பாற்றலாமா என்று கேட்டது. ஆள் சேரவில்லை. என் மார்பகம் இருக்குமா போகுமா என்பது குலுக்கலில்தான் தெரியும் என்று சொன்னால் எந்தப் பெண் இணங்குவார்? எந்தக் குழு என்பதை முன்பே குலுக்கி எடுத்து, அதைச் சொல்லிச் சம்மதம் கேட்கும் முறைக்கு மாறியபின்தான் ஆய்வு நகர்ந்தது. மிலானில் உம்பெர்த்தோ வெரோனேசி 1973 முதல் 1980 வரை, 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டியுள்ள 701 பெண்களிடம் இதே கேள்வியைச் சோதித்தார். 1981இல் வந்த அவர் முடிவும், 1985இல் வந்த ஃபிஷரின் முடிவும் ஒன்றாக இருந்தன. இருவரின் 20 ஆண்டுக் கணக்கும் 2002இல் ஒரே இதழில் வெளியாயின. ஃபிஷரின் ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களில் 14.3 சதவீதத்தினருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு பெறாதவர்களில் 39.2 சதவீதம். உயிர்பிழைப்போ எல்லாக் குழுவிலும் ஒன்றே. இடையில் 1994இல், ஆய்வில் பங்கேற்ற ஒரு மருத்துவர் நோயாளிகளின் விவரங்களைத் திருத்தியது வெளியாகிப் பெரும் கலக்கம் உண்டாயிற்று. அவரது நோயாளிகளைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டபோதும் முடிவு மாறவில்லை.

ஆய்வு முடிவுகள் முழுதும் வருவதற்கு முன்பே 'ஒரே படி' சரியத் தொடங்கியிருந்தது. 1979 ஜூனில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, ராடிகல் அறுவை இனிப் பொது முறையல்ல என்றும், கட்டியின் ஆய்வையும் அறுவையையும் பிரித்துச் செய்யலாம் என்றும் கூறியது. அந்தக் குழுவில் குஷ்னரும் இருந்தார். அதே ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலம், மாற்றுச் சிகிச்சைகளை நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இயற்றியது. மறு ஆண்டு கலிஃபோர்னியா. 1990இல் கூடிய மற்றொரு நிபுணர் குழு, முதல் இரண்டு நிலைகளில் உள்ள பெரும்பாலான பெண்களுக்கு மார்பகத்தைக் காப்பதே விரும்பத்தக்கது என்றது.

அக்குளின் கதை சற்றுத் தாமதமாக நடந்தது. கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் சேரும் கணுவைச் சாயத்தாலோ கதிரியக்கப் பொருளாலோ அடையாளம் கண்டு, அதை மட்டும் எடுத்துப் பார்க்கும் 'காவல் கணு' முறை 1990களில் வந்தது. அதில் நோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. கை வீக்கத்துக்கு அஞ்சிய பெண்களுக்கு இது பெரிய ஆறுதல்.

மருந்துகளோ வேறு வகை முடிவுகளைக் கொண்டுவந்தன. மிலானின் ஜான்னி போனதோன்னா 1976இல், அறுவைக்குப் பின் மூன்று மருந்துகள் சேர்ந்த கீமோதெரபி நோய் திரும்புவதைக் குறைப்பதைக் காட்டினார். கருத்தடை மருந்து தேடிய பிரிட்டன் ஆய்வகத்தில் 1962இல் உருவான டமாக்சிஃபன், ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்து வளரும் புற்றுநோய்க்குப் பல ஆண்டுகள் விழுங்கும் மாத்திரையாக நிலைபெற்றது. கண்ணுக்குத் தெரியாத, ஒருவேளை இல்லவே இல்லாத நோய்க்காக முடி உதிர்வையும் குமட்டலையும் ஏற்பதா என்பது மார்பகத்தை இழப்பதைவிட எளிய கேள்வி அல்ல. கட்டியின் 21 மரபணுக்களை அளந்து மதிப்பெண் தரும் சோதனை 2004இல் வந்தது. 10,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற ஆய்வு 2018இல் வெளியானபோது, கணுக்களில் நோயில்லாத, ஹார்மோன் சார்ந்த புற்றுநோயில் நடுத்தர மதிப்பெண் பெற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கீமோதெரபியால் கூடுதல் பயன் இல்லை என்று தெரிந்தது. 50 வயது வரையுள்ளவர்களில் சிலருக்கு மட்டும் சிறு பயன் தென்பட்டது.

தேர்வு கைக்கு வந்தபின் எல்லோரும் சிறிய அறுவையைத் தேர்ந்துவிடவில்லை. வாரக்கணக்கில் தினமும் கதிர்வீச்சுக்குப் போக வேண்டும். மையத்துக்குத் தொலைவில் வாழ்ந்தவர்களும், கூலியை இழக்க முடியாதவர்களும் மார்பகத்தை எடுத்துவிடுவதே மேல் என்றார்கள். அமெரிக்காவில் 1990களின் இறுதியிலிருந்து, ஒரு பக்கம் மட்டும் நோயுள்ள பெண்கள் நலமான மறு மார்பகத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்வது பெருகியது. மரபுக் கோளாறு இல்லாதவர்களுக்கு இது ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. ஆண்டுதோறும் மேமோகிராம் முடிவுக்காகக் காத்திருக்கும் பதைப்பு போதும் என்பது பலர் சொன்ன காரணம். எடுத்த மார்பகத்தை மீண்டும் அமைப்பதற்கும் காப்பீடு பணம் தர வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் 1998இல் வந்தது. அமைப்பே வேண்டாம், தட்டையாகத் தைத்துவிடுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு.

கதிர்வீச்சின் பளுவும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஐந்து வாரச் சிகிச்சையை மூன்று வாரத்துக்குச் சுருக்கலாம் என்று பிரிட்டன் ஆய்வுகள் காட்டின. 2020இல் வந்த ஆய்வு ஒரே வாரத்தில் ஐந்து முறை போதும் என்றது. 70 வயதோ அதற்கு மேலோ ஆன, சிறிய, ஹார்மோன் சார்ந்த கட்டியுள்ள 636 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், டமாக்சிஃபனோடு கதிர்வீச்சும் பெற்றவர்களில் 10 ஆண்டுகளில் சுமார் 2 சதவீதத்தினருக்கு அந்த மார்பகத்திலோ அக்குளிலோ நோய் திரும்பியது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் சுமார் 10 சதவீதம். இரு தரப்பும் வாழ்ந்த காலம் ஒன்றே. அந்த வயதில் கதிர்வீச்சு வேண்டுமா வேண்டாமா என்று இப்போது அந்தப் பெண்ணிடமே கேட்கிறார்கள்.