ஊழல் எதிர்ப்புச் சொற்கலையின் வர்க்க எல்லைகள்: வெரெஸ் வழக்கு பற்றிய ஒரு நோக்கு

பண்டைய உரோமின் நீதிமன்றப் பேச்சுக்கலையை ஆராய்வோர் பெரும்பாலும் அதன் அணிநயங்களை எடுத்துக்காட்டுவதோடு அமைந்துவிடுகின்றனர். அவ்வணிகள் யாரை நோக்கி, எவரது நலனுக்காகக் கையாளப்பட்டன என்னும் வினா பின்தள்ளப்படுகின்றது. கி.மு. 73 முதல் 71 வரை சிசிலியின் ஆளுநராக இருந்த கயஸ் வெரெஸ் மீது சிசரோ கி.மு. 70 இல் நடத்திய வழக்கு இவ்வினாவுக்கு விடைகாணத் துணைபுரிவதாகும்.

மாகாண மக்களிடம் ஆளுநர் பறித்த பொருளை மீட்பதற்கான நிலையான நீதிமன்றம் கி.மு. 149 இல் நிறுவப்பட்டது. அதன் நடுவர் பதவி விரைவிலேயே ஆளும் வர்க்கத்தின் இரு பிரிவினரிடையே போட்டிப் பொருளாயிற்று. கயஸ் கிராக்கஸ் காலத்தில் அது வரிக்குத்தகையாளரை உள்ளடக்கிய குதிரைவீரர் வகுப்பாரிடம் சென்றது. பின்னர் சுல்லா அதனைச் செனற் சபையினருக்கே மீட்டளித்தார். வெரெஸ் வழக்கு நடைபெற்ற வேளையில் இவ்வேற்பாட்டை மாற்றும் முயற்சி வலுப்பெற்றிருந்தது. சிசரோ குதிரைவீரர் வகுப்பிற் பிறந்தவர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

அவரது முதன்மையான உத்தி இச்சூழலிலிருந்தே பிறந்தது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் வெரெஸ் மட்டுமல்லர், நீதிமன்றமுமே என்று அவர் நடுவர்க்கு உணர்த்தினார். வெரெஸ் விடுதலையானால் செனற் சபையினர் நடுவர் உரிமையை இழப்பர் என்ற அச்சத்தையே வாதமாக்கினார். இரண்டாவது உத்தி சுருக்கம். எதிர்த்தரப்பு வழக்குரைஞர் ஹோர்த்தென்சியஸ் அடுத்த ஆண்டுக்குக் கொன்சலாகத் தெரிவாகியிருந்தமையால், வழக்கை அதுவரை இழுத்தடிப்பதே வெரெஸ் தரப்பினரின் நோக்கமாயிருந்தது. சான்று திரட்ட 110 நாள் பெற்ற சிசரோ ஏறத்தாழ 50 நாளில் அதனை முடித்தார். மரபான நெடும் பேச்சைத் தவிர்த்துச் சாட்சிகளையும் ஆவணங்களையும் உடனே முன்வைத்தார். தீர்ப்புக்கு முன்னரே வெரெஸ் மசிலியா நகருக்குச் சென்றுவிட்டார்.

நிகழ்த்தப்படாத இரண்டாம் பகுதி ஐந்து நூல்களாக வெளியாயிற்று. ஒன்றைச் சொல்லாது விடுவதாகக் கூறிக்கொண்டே சொல்லிவிடுதல், தனி நிகழ்ச்சியைக் கண்முன் நிறுத்துதல், எண்களை அடுக்குதல் ஆகிய உத்திகள் இவற்றில் முதிர்ச்சி பெறுகின்றன. தானிய வரியின் கொடுமையால் லியோந்தினியில் 84 ஆக இருந்த பயிர்ச்செய்கையாளர் 32 ஆகவும், அகிரியத்தில் 250 ஆக இருந்தோர் 80 ஆகவும் குறைந்தனர் என்கிறார் சிசரோ. சுரண்டலின் பொருளாதார விளைவை இத்துணைத் தெளிவாகக் காட்டும் பண்டைய ஆவணங்கள் அரியனவே.

ஆயினும், அந்நிலத்தில் உழைத்த அடிமைகள் இவ்வெண்ணிக்கையில் இடம்பெறவில்லை. உரோமக் குடிமகனான காவியஸ் மெசானாவில் சிலுவையில் அறையப்பட்டமையே இவ்வுரைகளின் உணர்ச்சி உச்சமாகும். அவரை ஸ்பார்ட்டக்கஸின் கிளர்ச்சியாளரது ஒற்றர் என வெரெஸ் குற்றஞ்சாட்டியிருந்தார். அடிமைக்குரிய தண்டனை குடிமகனுக்கு விதிக்கப்பட்டதே சிசரோவின் சீற்றத்துக்குக் காரணம். அத்தண்டனை அடிமைக்கு உரியதென்பதை அவர் வினாவுக்குட்படுத்தவில்லை.

கி.மு. 69 அளவில், கோலில் இதேவகைக் குற்றம் சாட்டப்பட்ட ஆளுநர் பொன்தேயஸுக்காக அவரே வாதாடினார். சிசிலியர் சாட்சியத்தை உயர்த்திப் பேசிய அதே நாவன்மை, கோலியர் சாட்சியத்தை நம்பத்தகாததென இகழ்ந்தது. எனவே, அக்கலையின் ஆற்றல் எத்துணைப் பெரிதாயினும், அதன் அறவுணர்வை வழக்கின் தேவைக்கு அப்பாற்பட்டதொன்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

கி.மு. 70 இலேயே நடுவர் பதவி செனற் சபையினருக்கும் வேறு இரு வகுப்பினருக்குமிடையே பகிரப்பட்டது. மூவகையினரும் உடைமையாளரே. மாகாணச் சுரண்டல் முறை அவ்வாறே தொடர்ந்தது. ஊழலை ஒரு தனிமனிதனின் தீயொழுக்கமாக நிறுவியதில் சிசரோவின் கலை முழுவெற்றி பெற்றது. அவ்வெற்றியே அவ்வொழுக்கத்தை ஈன்ற அமைப்பு விசாரணைக்கு உட்படாது தப்புவதற்கும் வழிகோலியது. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதே அவ்வுரைகளை வரலாற்று அடிப்படையில் மதிப்பிடுவதாகும்.