மாகாணி ஏக்கர்

எங்கள் ஊரில் கோடை என்று தனியாக ஒரு காலம் கிடையாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்க வெயில், நடுநடுவே மழை. ஆனால் ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர்களைக் கேட்டால் "ஏன் இல்ல?" என்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் மழை குறையும். ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். தளிர் விட்டு, பூத்து, மரம் பழைய நிலைக்கு வரும்வரை பால் குறைவு. பால் குறைந்தால் கூலியும் குறைவு. கிணற்றில் தண்ணீரும் இறங்கிவிடும். காசும் நிழலும் தண்ணீரும் ஒன்றாக வற்றும் அந்தக் காலம்தான் தோட்டத்துக் கோடை.

அந்த மாதங்களிலும் என் பாட்டி பூச்செடிகளைக் காயவிட்டதில்லை. கிள்ளான் பக்கம் ஒரு தோட்டம். இருட்டில் எழுந்து, பெரட்டுக்குப் போய், மரம் சீவி, பால் தூக்கி நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, அரிசி கழுவிய தண்ணீரைக் கனகாம்பரத்துக்கு ஊற்றுவார். "சோத்துக்கே இழுபறி, பூவுக்கு என்னா தண்ணி?" என்று தாத்தா கத்துவாராம். பாட்டி பதில் சொன்னதில்லை. மறுநாளும் ஊற்றுவார்.

தாத்தா கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப்போனால் அது வரலாற்றில் போய் நிற்கிறது.

இந்திய அரசு 1922இல் குடியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. வெளிநாடு போகும் தொழிலாளர்களின் நிலை குறித்து நிபந்தனை விதிக்கும் அதிகாரம் அதில் இருந்தது. மறு ஆண்டே மலாயாவில் 1923 தொழிலாளர் சட்டம் வந்தது. குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் நிலம் ஒதுக்க வேண்டும் என்றது அது. நம் பழைய வாய்ப்பாட்டில் பதினாறில் ஒன்றுக்கு மாகாணி என்று பெயர். மாகாணி ஏக்கர் என்பது ஏறக்குறைய 2,700 சதுர அடி. காய்கறி, கீரை, மாடு: சட்டம் நினைத்தது இவற்றைத்தான். பூவைப் பற்றி அதில் பேச்சில்லை.

நிலம் ஒதுக்கினார்களே தவிர, அது யாருக்கும் சொந்தமாகவில்லை. லயத்து வீடும் அப்படித்தான். வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். 1966இல் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று தனிச் சட்டம் வந்தது. வீட்டின் தரத்தை அது பேசியது, உரிமையைப் பேசவில்லை.

இந்த நிலையில் ஒருவர் என்ன நடுவார்? கீரை நடலாம். விதைத்து ஒரு மாதத்தில் பறித்துவிடலாம். நாளைக்கே துரை போகச் சொன்னாலும் பெரிய நஷ்டமில்லை. மல்லிகைக் கதை வேறு. பதியன் போட்டு, வேர் பிடித்து, பந்தலில் ஏறிப் பூத்துக் குலுங்க வருடங்கள் ஆகும். மல்லிகை நடுகிறவர் அடுத்த வருடமும் இங்கேதான் இருப்போம் என்று நம்புகிறார். இல்லையென்றால், இருந்தே தீருவோம் என்று பிடிவாதம் பிடிக்கிறார். தாத்தாவின் கேள்விக்குப் பாட்டி வாயால் சொல்லாத பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பூ குடும்பத்துக்குள் பல வேலை செய்தது. சாமி படத்துக்கு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் சடைக்கு, மாரியம்மன் திருவிழாவில் கரகத்துக்கு. செடியைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கமில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கொம்பு ஒடித்துக்கொள்வார்கள். வேறு தோட்டத்துக்குக் கட்டிக்கொடுத்த பெண் ஊருக்கு வந்து திரும்பும்போது ஈரத்துணியில் சுற்றி ஒரு பதியனை எடுத்துப் போவாள். எந்த வீட்டுச் செடி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று பாட்டியால் வரிசையாகச் சொல்ல முடியும். எங்கள் குடும்பத்துக்கு வேறு வம்சாவளிப் பட்டியல் கிடையாது.

இடையில் ஜப்பான்காரன் காலம். 1942 முதல் 1945 வரை அரிசிக்குப் பஞ்சம். பூ இருந்த இடத்தில் மரவள்ளி வந்தது. ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போனார்கள். பலர் திரும்பவில்லை. சண்டை முடிந்தபிறகு லயத்து வாசலில் மறுபடி பூ முளைத்ததென்றால் அதை அழகுணர்ச்சி என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

அடுத்து 1960. அந்த ஆண்டு செம்பருத்தி மலேயாவின் தேசிய மலரானது. மல்லிகை, தாமரை, மகிழம்பூ, ரோஜா எல்லாம் பரிசீலனையில் இருந்து, கடைசியில் செம்பருத்தி வென்றது. அதுவும் வெளியிலிருந்து இந்த மண்ணுக்கு வந்த செடிதான். அதே ஆண்டில் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிச் சேர்ந்து தாங்களே தோட்டங்களை வாங்கலாம் என்றது அந்தச் சங்கம். வாங்கவும் செய்தார்கள். ஆனால் நகரத்தைச் சுற்றியிருந்த நிலத்தின் விலை பத்து வெள்ளிக் கணக்குக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. சீஃபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. புக்கிட் ஜாலில் தோட்டத்தில் விளையாட்டரங்கம் எழுந்து, 1998இல் காமன்வெல்த் போட்டி நடந்தது.

பிராங் புசார் தோட்டத்தின் கதை இன்னும் கூர்மையானது. முதல் உலகப் போரில் சண்டையிட்ட பிரிட்டிஷ்காரர்கள் 1921இல் தொடங்கிய தோட்டம் அது. பெயரே 'பெரும் போர்' என்றுதான் பொருள்படும். நல்ல பால் தரும் மரங்களைத் தேர்ந்தெடுத்து ஒட்டுக் கட்டிப் பெருக்கியதில் பேர் பெற்றது. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் ரப்பர் போட்டவர்களுக்குப் 'பி.பி. 86' என்ற ரகம் தெரிந்திருக்கும். அந்த 'பி.பி.' பிராங் புசார்தான்.

1995இல் அங்கே புத்ராஜெயா கட்டத் தொடங்கினார்கள். பிராங் புசார், மேடிங்லி, செட்ஜ்லி, கேலவே ஆகிய தோட்டங்களின் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. சுவர்களில் விரிசல் என்ற முறையீடும், தரை வீடு வேண்டும் என்ற கோரிக்கையும் பல ஆண்டுகள் தொடர்ந்தன. 'தரை வீடு' என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர்கள் கேட்டது மண்ணைத் தொடும் ஒரு வாசல்.

அவர்கள் விட்டுப் போன நிலத்தில் இன்று 90 ஹெக்டேருக்கு மேல் பரந்த தாவரவியல் பூங்கா இருக்கிறது. 2007இல் தொடங்கிய 'ஃபுளோரியா' மலர்த் திருவிழாவும் அங்கேதான். நானும் போயிருக்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மண்ணில் முன்பு பூ வளர்த்தவர்கள் யார் என்று எந்தப் பலகையும் எனக்குச் சொல்லவில்லை.

இழப்பீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் இருபது நாள் சம்பளம். முப்பது வருடம் மரம் வெட்டியவருக்கு அறுநூறு நாள் சம்பளம். செடிக்கு, பந்தலுக்கு, வாசலுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இன்று பூ வேண்டுமென்றால் பிரிக்ஃபீல்ட்ஸ் போகிறோம், கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக்குப் போகிறோம். கேமரன் மலைச் சாமந்தியும் தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வரும் மல்லிகையும் முழக் கணக்கில் கிடைக்கின்றன. பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகள் இருக்கும் சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர். தொழிலாளி நிலம் வாங்கவேண்டும் என்றவரின் தெருவில், நிலம் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம் பூவை விலைக்கு வாங்குகிறோம்.

தோட்டத்து வாழ்க்கையைப் பொன்னாக்கிக் காட்டும் ஆசை எனக்கில்லை. அது கடன், கள்ளு, கங்காணியின் அதட்டல் எல்லாம் நிறைந்த வாழ்க்கை. வெளியே வந்ததால்தான் என் அம்மா படித்தார். ஆனால் வெளியேற்றத்தைப் பற்றி எழுதும்போது நாம் ஏக்கரையும் வெள்ளியையும் மட்டுமே எண்ணுகிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே ஒன்று கேட்டு வையுங்கள்: லயத்து வாசலில் என்ன செடி நின்றது, கொம்பு யார் கொடுத்தார்கள்?

பாட்டி நாலாவது மாடிக்கு வந்தபோது பெரிய மைலோ தகரத்தில் ஒரு செம்பருத்திக் கொம்பைக் கொண்டுவந்தார். நடைவழியில் வைக்கக் கூடாது என்றார்கள், சன்னலோரம் வைத்தார். வெயில் போதாமல் இலை மட்டும் விட்டது. அரிசி கழுவிய தண்ணீரை அப்போதும் அதற்குத்தான் ஊற்றினார். தாத்தா எதுவும் கேட்கவில்லை.