மூச்சை எண்ணிய வரலாறு: புத்தளக் கரையோரத்தை நிலைக்களனாகக் கொண்ட ஒரு நோக்கு

'உயிர்த்தல்' என்னும் தமிழ் வினைக்கு உயிரோடிருத்தல் என்றும் மூச்சுவிடுதல் என்றும் இருபொருள் உண்டு. இறந்தவரை 'மூச்சு நின்றுவிட்டது' என்று கூறும் வழக்கும் இக்கருத்தினின்றே பிறந்ததாதல் வேண்டும். மூச்சையும் உயிரையும் இத்துணை நெருக்கமாக வைத்து எண்ணிய சமுதாயம், நோயாளியின் மூச்சை எங்ஙனம் நோக்கியது, எப்போது அளக்கத் தொடங்கியது என்பன மருத்துவ வரலாற்றில் ஆராயற்பாலனவாம். இன்று தாதியர் கல்வியிற் 'சுவாசத் தொகுதி மதிப்பீடு' எனக் கற்பிக்கப்படும் பாடம், பார்த்தற்கு எளியது. ஆயினும் அதன் பின்னணியில் நீண்டதொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் பல கூறுகள் ஈழத்தின் மேற்குக் கரையில், தெற்கே மாஓயா முகத்துவாரந் தொடங்கி வடக்கே பொன்பரப்பி வரை நீளும் புத்தளக் கரையோரத்தில், ஒன்றன்மேலொன்றாகப் படிந்து கிடக்கின்றன.

சித்த மருத்துவம் நோயறிதற்கு எண்வகைத் தேர்வினை வகுத்தது. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன அவை. இவ்வெட்டினுள் மூச்சுக்குத் தனியிடம் இல்லை என்பது வியப்பிற்குரியது. மொழி என்னும் தேர்வினுள் குரலின் தளர்ச்சியும் இரைப்பும் அடங்கும் என்று கூறலாம்; எனினும் மூச்சைத் தனியே எண்ணும் வழக்கம் வைத்தியத்திலன்றி யோகநெறியிலேயே வளர்ந்தது. நாளொன்றுக்கு 21,600 மூச்சு என்பது அந்நெறியினர் கொண்ட கணக்கு. ஒரு நாளைக்கு 1,440 நிமிடங்கள் ஆதலின், நிமிடத்துக்கு 15 மூச்சு என்றாகும். நலமுள்ள வளர்ந்தோர் ஓய்விலிருக்குங்கால் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சுவிடுவர் எனத் தற்கால மருத்துவம் கூறுவதுடன் இக்கணக்குப் பொருந்திவருதல் கருதத்தக்கது. ஆனால் யோகியர் எண்ணியது தம் மூச்சை. பிறர் மூச்சை எண்ணுதல் வேறொரு தொழில்.

இக்கரையிற் பிறர் மூச்சு முதன்முதலாகக் கருத்திற்கொள்ளப்பட்டது மருத்துவத்தின் பொருட்டன்று, முத்தின் பொருட்டேயாம். 1344ஆம் ஆண்டில் இலங்கை வந்த இபின் பதூதா, 'பத்தாலா' என்று தாம் குறிக்கும் புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டதனையும் அங்கு முத்துக்கள் தம்முன் வைக்கப்பட்டிருந்ததனையும் எழுதியுள்ளார். மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்கள் அரிப்பு, சிலாவத்துறை முதலான இடங்களுக்கு அப்பாலிருந்து தெற்கே சிலாபக் கடல்வரை பரந்திருந்தன. கல்லைக் காலிற் பிணைத்து நீரினுள் இறங்கிய பரவரும் முஸ்லிம்களும் ஒரு மூச்சில் எத்துணை நேரம் தங்குவர் என்பது குத்தகைக்காரரின் வருவாயை நிருணயித்தது. ஆங்கிலேயப் படையதிகாரியான றொபேட் பேர்சிவல் 1803இல் வெளியிட்ட நூலிற் குளியாட்கள் வழக்கமாக இரண்டு நிமிடம் தங்குவரென்றும், 1797இல் அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவர் ஆறு நிமிடம் தங்கினாரென்றும் எழுதினார். பிற்காலத்திற் கடிகாரத்தைக் கையிற்கொண்டு நோக்கியவர்கள் பெரும்பாலும் ஒரு நிமிடத்தை அண்டிய அளவையே கண்டனர். செவிவழிச் செய்தி மூச்சை நீட்டியது. கடிகாரம் அதனைச் சுருக்கியது. குளியாளின் மூக்கினின்றும் செவியினின்றும் குருதி வடிதலையும் அக்காலத்தோர் குறித்தனரெனினும், அதனைத் தொழிலின் இயல்பாகக் கொண்டனரேயன்றி நோயாகக் கொண்டாரல்லர்.

கடிகாரத்தை மருத்துவத்தினுட் கொணர்ந்தவருள் ஒருவர் ஆங்கில மருத்துவரான ஜோன் புளோயர். தாமே தொய்வு நோயால் வருந்திய இவர் 1698இல் அந்நோய்பற்றி நூலெழுதினார். 1707இல் நாடியை எண்ணுதற்கெனத் தனிக் கடிகாரம் ஒன்றை அறிமுகஞ்செய்தார். 1761இல் ஒஸ்திரிய மருத்துவர் அவுவன்புறுக்கர் மார்பை விரலால் தட்டி எழும் ஒலியினால் உள்நிலையை அறியும் முறையை வெளியிட்டார். இவர் விடுதிக்காரர் ஒருவரின் மைந்தர். மதுப்பீப்பாய்களைத் தட்டி உள்ளிருக்கும் அளவை அறியும் வழக்கத்தினின்றே இம்முறை அவருக்குத் தோன்றியதென்பர். 1816இற் பிரெஞ்சு மருத்துவர் லெனெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதினின்று ஸ்டெதஸ்கோப்புப் பிறந்தது. நுரையீரல் ஒலிகளை வகைப்படுத்திப் பெயரிட்ட அவரே 1826இற் கசநோயால் மாண்டார். 1846இல் ஜோன் ஹச்சின்சன் மூச்சின் கொள்ளளவை அளக்குங் கருவியை விளக்கினார். ஏறத்தாழ இரண்டாயிரம் பேரின் மூச்சு வீதத்தையும் எண்ணிப் பதிந்தார்.

இவையனைத்தும் மருத்துவருடைய கருவிகள். மருத்துவர் வந்து போவார். இரவு முழுவதும் நோயாளியின் அருகிருப்பவர் தாதியே. அந்நோக்கினை ஒரு துறையாக்கிய பெருமை புளோரன்ஸ் நைட்டிங்கேலுக்குரியது. 1859இல் அவர் எழுதிய தாதியர் குறிப்புகளில் முதல் விதி காற்றைப் பற்றியது: நோயாளியைக் குளிரச்செய்யாது அவர் உள்ளிழுக்குங் காற்றை வெளிக்காற்றைப்போலத் தூயதாக வைத்தல் வேண்டும். நோயாளியை உற்றுநோக்குதற்கு அந்நூலில் ஓர் இயலே ஒதுக்கப்பட்டது. இலங்கையில் 1878ஆம் ஆண்டளவிற் கொழும்புப் பொது வைத்தியசாலையில் தாதியர் பயிற்சி தொடங்கிற்று. 1939இல் அங்குத் தாதியர் கல்லூரி நிறுவப்பெற்றது.

மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் சொல்லமுடியுமா என்னும் வினாவுக்கு அதற்கு முன்னரே விடை கண்டவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பதனை இங்கு விடுதல் இயலாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த இவ்வமெரிக்க மருத்துவர் தமிழில் மருத்துவங் கற்பித்தார். ஆங்கிலத்திற் பயின்றோர் ஊரைவிட்டு உத்தியோகம் நாடிச் செல்வர் என்பது அவர் கண்ட உண்மை. அங்காதிபாதம், சுகரணம், இரண வைத்தியம் எனப் பல துறைகளில் அவர் வெளியிட்ட தமிழ் நூல்கள் பெரும்பணி. 1870இற் கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி தோன்றியபின் அம்மரபு தளர்ந்தது. அதன் விளைவு இன்றும் வைத்தியசாலை வாட்டிலே காணத்தக்கது. நோயாளி 'முட்டு' என்பார், 'தொய்வு' என்பார், 'இழுப்பு' என்பார், 'நெஞ்சு அடைக்குது' என்பார். பதிவேட்டில் இவையனைத்தும் ஒரே ஆங்கிலச் சொல்லாகச் சுருங்கிவிடும். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, படியேறினால் முட்டுகிறதா, விடியற்காலையிலா என்னும் வினாக்களின் விடையிலேதான் இதயநோயும் தொய்வும் வேறுபட்டுத் தோன்றும். கற்பிட்டியிலும் புத்தளத்திலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள், உடப்பில் தமிழ் இந்துக்கள், சிலாபத்துக்குத் தெற்கே சென்ற நூற்றாண்டில் தமிழினின்று சிங்களத்துக்கு மாறிய கத்தோலிக்க மக்கள் என மொழி மயங்கிக் கிடக்கும் இக்கரையில் வினாவின் மொழி சிறு செய்தியன்று.

சுவாச மதிப்பீட்டிற் கேட்டலுக்கு அடுத்தது நோக்கல். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணல்வேண்டும். எண்ணப்படுவதை நோயாளி அறிதலாகாது. அறிந்தால் மூச்சு மாறிவிடும். ஆதலின் நாடி பார்ப்பதுபோற் கையைப் பிடித்தவண்ணமே மார்பின் எழுச்சியை எண்ணுதல் தாதியர் மரபு. கழுத்துத் தசைகள் துணைக்கு இழுக்கப்படுகின்றனவா, மூக்குத்துளை விரிகிறதா, நோயாளி முன்சாய்ந்து கைகளை ஊன்றி அமர்கின்றாரா, உதடு நீலம் பாரிக்கின்றதா, ஒரு வாக்கியத்தை இடைநிறுத்தாது சொல்கின்றாரா என்பவற்றுக்குக் கருவி எதுவும் வேண்டா. இவ்வளவு எளிமையே இதற்குப் பகையுமாயிற்று. பதினைந்து வினாடி எண்ணி நான்காற் பெருக்கினால் ஒரு மூச்சின் பிழை நான்காகும். வாட்டு முழுவதும் எல்லார்க்கும் 20 என எழுதப்பட்ட பதிவேடுகள் உலகெங்கும் உண்டு. அவுஸ்திரேலிய ஆய்வாளர் சிலர் 2008இல் மூச்சு வீதத்தைப் புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குறி என்றே அழைத்தனர். 2012இற் பிரித்தானியாவில் வகுக்கப்பட்ட முன்னெச்சரிக்கைப் புள்ளித் திட்டத்தில் நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சுக்கு மிகவுயர்ந்த புள்ளியான 3 வழங்கப்பட்டமை, இக்குறியின் பெறுமதி மீண்டும் உணரப்பட்டதற்குச் சான்று.

எண்ணுதலின் ஆற்றல் மிகத் தெளிவாக வெளிப்பட்டது குழந்தைகளிடத்திலேயாம். எக்ஸ்கதிரும் ஆய்வுகூடமும் இல்லாத பப்புவா நியூகினி மலைநாட்டில் பிராங்க் ஷான் என்னும் மருத்துவரும் துணைவர்களும் நியூமோனியாவை விரைந்த மூச்சினாலேயே இனங்காணலாம் என 1984இல் வெளியிட்ட ஆய்வு, உலக சுகாதார நிறுவனத்தின் கொள்கைக்கு வழிவகுத்தது. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, பன்னிரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 50, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 40 என்னும் எல்லைகள் வகுக்கப்பட்டன. குழந்தை அழாது அமைதியாயிருக்கும்போதே எண்ணல்வேண்டும். நெஞ்சின் அடிப்பகுதி உள்ளிழுபடுமாயின் தாமதிக்கலாகாது. ஒரு கடிகாரமும் ஒரு நிமிடப் பொறுமையும் உடைய கிராமத்துச் சுகாதார ஊழியர், நகரத்து நிபுணர் காணுமுன் நோயைக் கண்டறிய வல்லவரானார். 1926இற் களுத்துறையிற் சுகாதாரப் பகுதி தொடங்கியது முதல் வீடுவீடாகச் செல்லும் மருத்துவமாதரைப் பெற்றிருந்த இலங்கைக்கு இம்முறை இயல்பாகப் பொருந்தியது.

1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவருட் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் வாழ நேர்ந்தது. நெருக்கமும் ஈரமும் அடுப்புப்புகையும் ஒருங்கு கூடிய இடத்தில் குழந்தைகளின் மூச்சு எத்தகையதாயிருந்திருக்கும் என்பதை விரித்தல் வேண்டா. நைட்டிங்கேலின் முதல் விதி அங்குக் கூரையோடு சேர்த்தே இல்லாதிருந்தது. இவ்விடப்பெயர்வின் அரசியலை எழுதியோர் பலர். அதன் நுரையீரலை எழுதியோர் அரியர்.

இதற்கு முன்பே இக்கரையின் காற்றில் தூசு ஏறத் தொடங்கியிருந்தது. 1970ஆம் ஆண்டளவில் உற்பத்தி தொடங்கிய புத்தளச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு அருவக்காலுவில் அகழப்படும் சுண்ணக்கல் இரயில் மூலம் கொணரப்பட்டது. நுரைச்சோலையில் அமைந்த நிலக்கரி அனல்மின் நிலையத்தின் முதற்பகுதி 2011 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. 2014இல் 900 மெகாவாற்று நிறைவுற்றது. தலவிலத் திருத்தலத்தை முன்னிட்டுக் கத்தோலிக்கர் திட்டத்தை எதிர்த்ததும், பின்னர் நரக்கள்ளி முதலிய அயற்கிராமத்தவர் நிலக்கரித் தூசும் சாம்பலும் குறித்து முறையிட்டுவந்ததும் அறிந்தவை. (நுரைச்சோலை, நுரையீரல் எனும் இரண்டும் ஒரே சொல்லிற் தொடங்குதல் தற்செயலே.) தென்மேற்குப் பருவக்காற்று கடலினின்று வீசுங்கால் கரையிற் குவிக்கப்பட்ட கரியின் தூசு ஊரை நோக்கிச் செல்லும். இரண்டரை மைக்ரோமீற்றருக்குட்பட்ட துகள்கள் நுரையீரலின் சிற்றறைகள்வரை செல்லவல்லன. ஆயினும் தூசுக்கும் ஊரவரின் இருமலுக்கும் உள்ள தொடர்பை முறையீட்டால் மட்டும் நிறுவ முடியாது. தொழிற்சாலை வருமுன்னரே அவ்வூரவரின் மூச்சும் கொள்ளளவும் முறையாகப் பதியப்பட்டிருத்தல் வேண்டும். அங்ஙனம் பதிதலே எளிதிற் கைகூடக்கூடிய சான்று. முத்தெடுப்போனின் மூச்சுக்குக் கடிகாரம் பிடித்த கரையில், வெங்காயத் தோட்டக்காரனின் மூச்சுக்கு அது பிடிக்கப்படாமை நீதியன்று.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் இத்தாலியிற் கொள்ளைநோய் மூண்டபோது அதன் முதல் அச்சம் இலங்கையில் இக்கரையையே தாக்கியது. வென்னப்புவவும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் பல்லாண்டாக இத்தாலிக்குத் தொழிலாளரை அனுப்பியவை. அங்கு முதியோர் பராமரிப்பில் ஈடுபட்டோர் அவருட் பலர். நாடு முழுவதும் ஊரடங்கு வருவதற்குச் சில நாள் முன்னர், மார்ச் 18ஆந் திகதி, புத்தளப் பகுதியில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. பின்னர் சிலாபத்தை அடுத்த இரணவிலவில் ஒரு கொவிட் சிகிச்சை வைத்தியசாலை திறக்கப்பட்டது. அக்கட்டடங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது 'வொய்ஸ் ஒவ் அமெரிக்கா' வானொலியின் அஞ்சல் நிலையம். 1983இற் செய்யப்பட்ட அவ்வுடன்படிக்கையே, 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் பற்றிய கூற்றுக்குக் காரணமாயிருந்தது. 1990களில் மீனவர் அந்நிலையத்தை எதிர்த்துப் போராடினர். 2016இல் ஒலிபரப்பு ஓய்ந்தது.

பாதுகாப்பு அங்கியும் முகக்கவசமும் அணிந்த தாதியர்க்கு அக்காலத்தில் ஸ்டெதஸ்கோப்பு எங்கும் எளிதிற் பயன்படவில்லை. உலகெங்கும் மூச்சு மதிப்பீடு மீண்டும் கண்ணுக்கும் கடிகாரத்துக்கும் திரும்பியது. ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து முப்பதுவரை தாய்மொழியில் எண்ணச்செய்து தொலைபேசியிற் கேட்கும் முறையைச் சிலர் முன்மொழிந்தனர். போதிய சான்று இல்லையென வேறு சிலர் மறுத்தனர். சடுகுடு ஆடிய சிறுவர்க்கு இச்சோதனை புதிதன்று. கொவிட் நோயாளர் சிலர் இடர்ப்பாடின்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே குருதியில் ஒட்சிசன் குறைந்திருந்தமையால், விரலிற் பொருத்தும் ஒட்சிசன் மானி வீடுகளுக்கும் சென்றது. ஆனால் 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஓர் ஆய்வு, கறுப்பின நோயாளரிடத்து அம்மானி காணத்தவறிய ஒட்சிசன் குறைவு வெள்ளையரிடத்துத் தவறியதனிலும் ஏறத்தாழ மும்மடங்கு எனக் காட்டிற்று. கருவியின் ஒளி தோலினூடு செல்லவேண்டியிருத்தலே காரணம். கருநிறத்தோர் மிக்க இக்கரையில், மானி 96 என்று காட்டும்போதும் தாதி மார்பின் எழுச்சியை ஒரு நிமிடம் எண்ணியே ஆகவேண்டும்.