பேர்லினில் இருந்து வியன்னா வரை: தனியே ஒரு புகையிரதப் பயணம்

"தனியவோ அக்கா போகப் போறீங்கள்?" என்று பேர்லினில் இருக்கும் தங்கச்சி மூன்று தடவை கேட்டுவிட்டாள். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. ஜேர்மன் மொழி தெரியாது, ஆங்கிலம் சமாளிக்கும் அளவுக்குத்தான். இடம்பெயர்ந்தே பழகிய கால்கள் இவை. யாரும் துரத்தாமல், நானாக விரும்பி ஒரு தடவை பயணம் போய்ப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பேர்லின், டிறெஸ்டன், பிராக், வியன்னா ஆகிய நான்கு நகரங்களும் ஒரே புகையிரதப் பாதையில் இருக்கின்றன. ஐந்து நாட்களில் போய் வந்தேன். உறவினரைப் பார்க்க ஐரோப்பா போகும் எங்கள் ஆட்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதிக நாட்கள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதியும் எடுக்க வேண்டும். விசா கிடைத்தால் அதைக் கொண்டே செக் குடியரசுக்கும் ஒஸ்ரியாவுக்கும் போகலாம். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில் பாஸ் என்று ஒன்று உண்டு. ஆனால் மூன்று நான்கு ஓட்டங்களுக்குத் தனித்தனிச் சீட்டு, அதுவும் சில வாரங்களுக்கு முன்பே வாங்கினால், மலிவாக முடியும் என்பது என் கணக்கு. மலிவுச் சீட்டு அதில் குறித்த புகையிரதத்துக்கு மட்டுமே செல்லும். நித்திரை கொண்டு தவறவிட்டால் காசு போனதுதான். இருக்கை முன்பதிவு இந்தப் பாதையில் பொதுவாகக் கட்டாயமில்லை. இருந்தாலும் தனியாகப் போகிறவர்கள் சில யூரோக்களைப் பார்க்காமல் பதிவு செய்வது நல்லது, பெட்டி பெட்டியாகப் பயணப்பையை இழுத்துக்கொண்டு இடம் தேடத் தேவையில்லை. இன்னொன்று, அறிவிப்புப் பலகையில் வியன்னா என்று இராது, 'வீன்' என்று இருக்கும். பிராக் அங்கே 'பிராஹா'. நான் முதலில் தடுமாறியது இதில்தான்.

புறப்படுவதற்கு முதல் நாள், எஸ் 7 நகர ரயிலில் ஏறி குரூனவால்ட் நிலையத்துக்குப் போனேன். பேர்லினின் ஓரத்தில், மரங்கள் சூழ்ந்த அமைதியான இடம். அங்கே 17 ஆம் இலக்க மேடையில் இப்போது எந்த ரயிலும் நிற்பதில்லை. 1941 ஒக்டோபர் 18 ஆம் திகதியில் இருந்து பேர்லின் யூதர்கள் முகாம்களுக்கும் கெட்டோக்களுக்கும் ரயிலேற்றப்பட்ட இடங்களில் இதுவும் ஒன்று. மேடையின் இரு ஓரங்களிலும் 186 இரும்புத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு திகதி, எத்தனை பேர், எந்த இடத்துக்கு. வேறு ஒன்றுமில்லை. தண்டவாளங்களுக்கு இடையே வளர்ந்த மரங்களை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், இனி இங்கிருந்து ஒரு ரயிலும் புறப்படாது என்பதற்காக. சில தகடுகளில் ஆயிரத்துக்கு மேல் எண்ணிக்கை, சிலவற்றில் சில பத்துப் பேர்தான். அந்தச் சிறிய எண்களுக்கும் தனித்தனியாக ஒரு தகடு வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் தம்பிக்கு 2009 மே என்று ஒரு மாதம் மட்டுமே இருக்கிறது. திகதியும் இல்லை, எங்கே கொண்டுபோனார்கள் என்பதும் இல்லை. குனிந்து குனிந்து வாசித்துக்கொண்டே மேடையின் கடைசி வரை நடந்தேன்.

டிறெஸ்டனுக்கு இரண்டு மணித்தியாலம் அளவில் ஓட்டம். 1945 பெப்ரவரி 13 இரவு தொடங்கிய பிரித்தானிய, அமெரிக்கக் குண்டுவீச்சில் எரிந்துபோன நகரம் இது. அதன் ஃபிரவுவன்கிர்ஹ தேவாலயம் 15 ஆம் திகதி காலை இடிந்து விழுந்தது. நாற்பது வருடங்களுக்கு மேல் அந்தக் கற்குவியலை அப்படியே விட்டிருந்தார்கள். 1994 இல் கட்டத் தொடங்கி 2005 இல் திறந்தார்கள். மீட்ட பழைய கற்களை இயன்றவரை அவற்றின் பழைய இடத்திலேயே வைத்தார்கள். மஞ்சள் சுவரில் கறுப்புக் கறுப்பாகத் தெரிபவை அவைதான். உச்சியில் இருக்கும் சிலுவையைச் செய்தவர் இலண்டன் பொற்கொல்லர் ஒருவர். அவருடைய தகப்பன் அந்தக் குண்டுவீச்சில் பங்கெடுத்த விமானி.

எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் அங்கேயும் நீண்ட தகராறு. நாசிகளின் பிரசாரம் இலட்சக்கணக்கில் சொன்னது, பிறகு வந்தவர்களும் தங்கள் வசதிக்கு ஏற்ப எண்களைச் சொன்னார்கள். 2004 இல் நகரமே வரலாற்றாய்வாளர்கள் குழு ஒன்றை அமைத்தது. பதிவேடுகளையும் புதைகுழிப் பதிவுகளையும் ஆராய்ந்து, அதிகபட்சம் 25,000 பேர் என்று 2010 இல் அது முடிவு சொன்னது. எண்ணிக்கை குறைந்ததால் துயரம் குறைந்துவிட்டதாக அங்கே யாரும் பேசவில்லை. எங்களுக்கு ஒரு எண்ணைக் கேட்டாலே சண்டை வருகிறது.

டிறெஸ்டனில் இருந்து பிராக் போகும்போது ஓடும் திசையில் இடப்பக்க யன்னலோரம் இருக்கை எடுங்கள். எல்ப ஆறு கூடவே வரும், அக்கரையில் மணற்கல் பாறைகள் எழுந்து நிற்கும். பிராகில் எல்லோரும் சார்ள்ஸ் பாலத்துக்குப் போகிறார்கள். போக வேண்டியதுதான், ஆனால் விடியக் காலையில் போங்கள், பிறகு நடக்க இடமிராது. அதற்கு முன் பிரதான நிலையத்தின் முதலாம் மேடையில் ஒரு சிலையைப் பாருங்கள். நிக்கலஸ் விண்டன், இலண்டன் பங்குத் தரகர். 1939 இல், தன் இருபத்தொன்பது வயதில், பெரும்பாலும் யூதப் பிள்ளைகளான 669 பேரை இங்கிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பிவைக்க ஒழுங்கு செய்தவர். செப்ரெம்பர் 1 ஆம் திகதி 250 பிள்ளைகளுடன் கடைசி ரயில் புறப்பட இருந்தது. அன்று போர் தொடங்கியது, ரயில் போகவில்லை. அதே நிலையத்தில் பழைய ரயில் பெட்டிக் கதவு ஒன்றின் வடிவில் இன்னொரு நினைவுச்சின்னம் உண்டு. அதன் கண்ணாடியில் ஒரு பக்கம் பெற்றோரின் கைகள், மறுபக்கம் பிள்ளைகளின் கைகள்.

வியன்னா நான்கு மணித்தியாலம். அரண்மனைகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கால் நோவுடன் ஒரு கோப்பிக் கடையில் இரண்டு மணித்தியாலம் இருந்தேன், எழும்பு என்று யாரும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது எல்லை தாண்டியதும் சீருடையில் இருவர் பெட்டிக்குள் ஏறினார்கள். ஷெங்கனுக்குள் எல்லையே இல்லை என்று நம்பிக் கடவுச்சீட்டைப் பயணப்பையின் அடியில் வைத்துவிடாதீர்கள். ஜேர்மனி அண்மைய ஆண்டுகளில் மீண்டும் சோதிக்கிறது. அவர்களைக் கண்டதும் நான் எழுந்து பையைக் கீழே இறக்கத் தொடங்கிவிட்டேன். ஓமந்தையில் எத்தனை தடவை இறங்கி வரிசையில் நின்ற உடம்பு. அந்த இளம்பெண் அதிகாரி கையைக் காட்டி, இருங்கள் என்று சைகை செய்தாள். விசாப் பக்கத்தைப் பார்த்தாள், திருப்பித் தந்தாள், அடுத்த இருக்கைக்குப் போனாள். பை பாதி திறந்தபடி என் மடியில் இருந்தது. டிறெஸ்டன் வரும்வரை அதை மூட எனக்குத் தோன்றவில்லை.